பூகம்பம் யாரைத் தண்டிக்கிறது?

தோழர்களே! 1934ல் பீகாரில் பூமி அதிர்ந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டபோது, அது தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனையென்று காந்தியார் சொன்னார். தீண்டாமை ஒழியவேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், அக்கொடுமைக்கு ஆளானவனும் அதில் சேர்ந்துதானே மாண்டான்? அவன் செய்த பாவம் என்ன?

2010ஆம் வருஷத்தைப் பாருங்கள். ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டில் 7.0 அளவுள்ள பூகம்பம். லட்சம் பேருக்குமேல் மாண்டார்கள். பிப்ரவரியில் சிலி நாட்டில் 8.8, வெளிப்பட்ட சக்தி சுமார் 500 மடங்கு அதிகம். மாண்டவர்களோ சுமார் 500 பேர்தான். சிலிக்காரர்கள் கடவுளுக்கு வேண்டியவர்களா? ஹெய்ட்டியில் அதிர்வு தலைநகருக்குப் பக்கத்தில் நேர்ந்தது உண்மை. ஆயினும், அங்கு ஜனங்களைக் கொன்றது கம்பி குறைந்த தூணும், மட்டமான கான்கிரீட்டும், கேட்பாரற்ற கட்டட வேலையுமேயாகும். பலமுறை அடிபட்ட சிலியோ, சட்டம் போட்டு, அதிர்வைத் தாங்கும்படி கட்டிக்கொண்டது.

ஆகவே தோழர்களே, வீட்டை விழாமல் நிறுத்துவது பூமிபூஜைத் தேங்காய் அல்ல. கம்பியும், கணக்கும், தட்டிக்கேட்கும் சட்டமுமேயாகும். வீடு கட்டுகிறவர்கள் வாஸ்துக்காரனை விட்டுவிட்டு, இஞ்சினீயரைக் கேளுங்கள்: "இந்தத் தூண் அதிர்ச்சி தாங்குமா?"