சென்று வருதலும் தங்கி வாழ்தலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ கற்றறிந்த புலவர் ஒருவர் பேசுவது வழக்கம். இவ்வாண்டு அழைத்திருந்த அறிஞருக்கு உடல்நலம் குன்றியமையால், செயலாளர் அவர்கள் எம் இல்லத்துக்கு வந்து, "நீங்கள் ஏதேனும் பேசுங்கள்" என்றார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணச்சீட்டும் கணக்கும் எழுதி வரும் இரயில்வே எழுத்தர் இலக்கியம் பேசினால், அது கேட்போருக்கும் நன்றன்று, இலக்கியத்துக்கும் நன்றன்று. ஆகவே சென்ற கோடையில் நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றையும், அதன் பொருட்டு யாம் தேடிப் படித்த சிலவற்றையும் சொல்ல எண்ணுகிறோம்.

எம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், கிறிஸ்தவ சமயத்தினர். அவருடைய மகள், கல்லூரி மாணவர் குழு ஒன்றுடன் பதினான்கு நாள் இலங்கை மலைநாட்டுக்குச் சென்று, தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் தமிழ் மக்களின் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கற்பித்து, ஊழியம் செய்துவரப் புறப்பட்டாள். நண்பர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் பெற்று மகளை அனுப்பினார். காலனியில் பேச்சு எழுந்தது. "கடல் கடந்து மதம் பரப்பவா போகவேண்டும்?" என்றனர் சிலர். "பதினான்கு நாளில் என்ன ஊழியம்? படம் எடுத்துக்கொண்டு வருவார்கள்" என்றனர் வேறு சிலர். யாம் அச்சமயத்தைச் சார்ந்தவர் அல்லோம். எனினும் முதற் கட்சியிலும் சேரவில்லை. இரண்டாம் கட்சியில் சேர்ந்திருந்தோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்த மறுநாள் அப்பெண் எம் இல்லத்துக்கு ஒரு தேயிலைப் பொட்டலத்துடன் வந்தாள். "மாமா, அங்கே ஒரு பாட்டி என்னைக் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை" என்றாள். லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஒன்றில் வாழும் மூதாட்டி அவர். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்தவர். "நீங்களும் நன்றாகப் பாடினீர்கள், அம்மா. போன ஆண்டு வந்தவர்களும் இப்படித்தான் பாடினார்கள். என் பேரன் அவர்கள் பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முகவரி தொலைந்து போயிற்றோ?" என்று அவர் கேட்டாராம். குறையாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே முகவரி தொலைந்திருக்கக்கூடும் என்று எண்ணியே கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டு அப்பெண் நெடுநேரம் வாய் திறவாதிருந்தாள். எமக்கும் வாய் திறக்கவில்லை.

அதன்பின்னரே, இவ்வாறு மாணவர்கள் அயல்நாட்டுக்கு ஊழியம் செய்யப் புறப்படும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நண்பரிடமிருந்த நூல்களைப் பெற்றுப் படிக்கலானோம். 1886ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மன் என்னுமிடத்தில் கல்லூரி மாணவர் மாநாடு ஒன்று கூடிற்று. அதில் 100 பேர் அயல்நாட்டு ஊழியத்துக்குத் தம்மை ஒப்புவித்தனர். முன்னின்றவர்களுள் ஒருவரான இராபர்ட் வைல்டர் நம் நாட்டுக் கோலாப்பூரில் பிறந்தவர். மாணவர் தொண்டர் இயக்கம் என்று பெயர் பெற்ற அவ்வெழுச்சியில் ஈர்க்கப்பட்டவர்தாம் செர்வுட் எடி என்னும் அமெரிக்கர். 1896இல் இந்தியா வந்தார். வந்து தமிழ் கற்றார். நாம் அவரைப் பற்றி மேலும் பேசப் போவதில்லை. அவருடைய தமிழ் நண்பர் ஒருவரைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

அந்நண்பர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். தேர்வுக் காலத்தில் நோயுற்றமையால் பட்டம் பெறாமலே வெளியேறினார். (பட்டம் பெறாத எம்மைப் போன்றோருக்கு இஃதொரு சிறு ஆறுதல்.) வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சென்று மாணவர்களிடையே பணியாற்றி வந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அதுவும் ஒரு குறுகிய பயணமே.

அங்கே அவர் கண்டது அவரை வெட்கமடையச் செய்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர் தமக்கென ஓர் அயல்நாட்டு ஊழியச் சங்கம் அமைத்திருந்தனர். தம் கைப்பொருளைச் சேர்த்து, கடலுக்கு இப்பால் உள்ள நம் இராமநாதபுரச் சீமைத் தொண்டிக் கடற்கரைக்கு ஊழியரை அனுப்பி வந்தனர். எண்ணிப் பாருங்கள்! இலங்கைத் தமிழ் மாணவருக்கு அயல்நாடு எது? நம் தமிழ்நாடு! திருநெல்வேலியிலோ எண்ணற்ற கிறிஸ்தவர் இருந்தும் தமக்கென ஒரு சங்கம் இல்லை. ஊழியம் என்பது வெள்ளைக்காரர் வந்து செய்யும் தொழில் என்று இருந்துவிட்டனர். அப்பயணம் யாழ்ப்பாணத்தை எவ்வளவு மாற்றியது என்று எமக்குச் சொல்லத் தெரியவில்லை. சென்றவரை அது மாற்றிவிட்டது என்பதில் ஐயமில்லை.

மறு ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. ஏழை எளிய கிராமத்துப் பெண்கள் உலையில் அரிசியிடும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசியும் இத்தகைய பணிகளுக்கு உதவிற்று. அவர்கள் தேர்ந்த களம் டோர்னக்கல். நம் இரயில்வே அன்பர்களுக்கு அப்பெயரை விளக்க வேண்டுவதில்லை. திருப்பதியிலிருந்து விஜயவாடா வழியாக வாரங்கல் செல்லும் வண்டிகள் கடந்து செல்லும் சந்திப்பு அது. நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கும் அங்கிருந்தே கிளைப்பாதை பிரிகிறது. இன்று தெலங்கானாவில் உள்ள அவ்வூர், அன்று நிஜாமின் ஆட்சியில் இருந்தது. தனி நாணயம், தனித் தபால்தலை, தனி இரயில்வே. திருநெல்வேலிக்காரருக்கு அஃது ஏறத்தாழ அயல்நாடே. பேச்சோ தெலுங்கு.

அசரியா முதலில் பிறரைத்தான் அனுப்பினார். "போங்கள், போங்கள்" என்று மேடையில் சொல்லிக்கொண்டிருந்தவர்க்கு, "நீ ஏன் போகவில்லை?" என்னும் கேள்வி உள்ளத்தில் எழுந்தது. 1909இல், தம் 35ஆம் அகவையில், செல்வாக்கு மிக்க செயலாளர் பதவியைத் துறந்து, மனைவி அன்பு மாரியம்மாளுடன் டோர்னக்கலுக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தில் கல்லூரிக் கல்வி பெற்றிருந்த மிகச் சில தமிழ்ப் பெண்களுள் ஒருவர் அவ்வம்மையார். கணவனுக்கு மாறுதல் உத்தரவு வந்ததும் பெட்டி கட்டும் நம் தாய்மார்களுக்கு அவர் நிலை நன்கு விளங்கும். ஆனால் மாறுதல் உத்தரவு ஏதுமின்றியே பெட்டி கட்டியவர் அவர்!

அங்குச் சென்று முதலில் செய்தது யாது? பள்ளிப் பிள்ளைகளைப் போலத் தெலுங்கு கற்றதுதான். முப்பத்தைந்து வயதில் புது எழுத்து எழுதிப் பழகுவது எளிதன்று. யாம் முயன்று பார்த்தவர் என்பதால் சொல்கிறோம். பின்னர் அவர் தெலுங்கிலேயே பேசினார், தெலுங்கிலேயே கற்பித்தார். அவரை நாடி வந்தவர் பெரும்பாலும் மாலர், மாதிகர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் ஊரைவிட்டு ஓட்ட வேண்டும் என்று அவர்களிடையே ஓயாது பேசி வந்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் பட்டம் சூட்டப்பட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. "இந்தியருக்கு இன்னும் காலம் வரவில்லை" என்று தடுத்தவரும் இருந்தனர்.

அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1910இல், எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில் அவர் ஆற்றிய உரையை அறிந்தபோதுதான், அந்த மலைநாட்டு மூதாட்டியின் கேள்வி எமக்கு மீண்டும் நினைவு வந்தது. வெள்ளைக்காரப் பாதிரிமார் நிறைந்த அவையில் அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் எங்களுக்காகப் பொருள் தந்தீர்கள், உழைப்பும் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், ஆனால் நண்பர்களாக எங்களோடு அமர்ந்து உண்ணவில்லையே, எங்களுக்கு வேண்டுவது நட்பு. அவையில் பலருக்கு அது கசந்ததாம். கசக்கத்தானே செய்யும்?

அவர் செய்த அனைத்தும் எமக்கு உடன்பாடு என்று கருதிவிட வேண்டா. மதமாற்றம் குறித்து அவருக்கும் காந்தியடிகளுக்கும் 1930களில் கடுமையான கருத்து வேற்றுமை இருந்தது. பசித்தவன் கையில் சோற்றையும் வேதத்தையும் ஒருங்கே கொடுத்தால், அவன் எதை ஏற்றான் என்று எவ்வாறு அறிவது என்னும் ஐயம் எமக்கு இன்றும் உண்டு. எம் நண்பரிடமும் இதைச் சொல்லியிருக்கிறோம்; அவர் சிரித்துக்கொண்டே வேறு விடை சொல்வார்; வழக்கு முடிந்தபாடில்லை. ஆயினும், தமிழர் ஒருவர் தெலுங்கு மண்ணில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 1945இல் அம்மண்ணிலேயே அடக்கமானார் என்பதை எச்சமயத்தாரும் வணங்கலாம். 1939இல் டோர்னக்கலில் திறக்கப்பட்ட பேராலயத்தைப் பார்த்தவர் அறிவர்: கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒன்றாய்க் கலந்த கட்டடம் அது. வந்த இடத்தின் கண்ணால் பார்க்கக் கற்றவர் எழுப்பியது.

நமக்கு இன்னும் அருகில் உள்ள வேலூரையும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். நம் காலனியில் வேலூர் மருத்துவமனைக்குச் செல்லாத குடும்பம் இல்லை. அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் 1890இல் தாயாரின் நோய் காரணமாகச் சிறிது காலம் தங்கிப் போகவே திண்டிவனம் வந்தார். ஓரிரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்குப் பெண்ணின் துணை வேண்டினர். அவருடைய தந்தையார் மருத்துவராயினும் ஆண் என்பதால் மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். அம்மையார் அழுதுவிட்டு ஊர் திரும்பிக் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே திரும்பி வந்து வேலூரில் தங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1960இல் கோடைக்கானலில் மறையும் வரை நம் நாட்டையே தம் நாடாகக் கொண்டார்.

இனி எம் கதைக்கு வருகிறோம். இதனை இதுவரை காலனியில் எவரிடமும் சொன்னதில்லை.

யாம் பணியில் சேர்ந்த புதிதில் இப்பக்கத்துச் சிறு நிலையம் ஒன்றில் முன்பதிவுச் சாளரத்தில் இருந்தோம். தெலுங்கு தெரியாது, கற்கவும் விருப்பமில்லை. தமிழின் தொன்மையைப் பேசுவோருக்குத் தெலுங்கு எதற்கு என்னும் செருக்கு. ஒருநாள் முதிய பெண்மணி ஒருவர் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். படிவத்தை யாமே நிரப்பினோம். எந்நாள் பயணம் என்று கேட்டதற்கு, "எல்லுண்டி, எல்லுண்டி" என்றார். எமக்கு எள்ளுருண்டை நினைவு வந்தது. உடனிருந்தவரிடம் அதைச் சொல்லி வாய்விட்டுச் சிரித்தோம். அவரும் ஏதும் அறியாமல் எம்மோடு சேர்ந்து சிரித்தார். நாளை என்றே பொருள் கொண்டு, மறுநாளைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம்.

எல்லுண்டி என்றால் நாளை மறுநாள்.

அவர் சொன்ன நாளில் மூட்டை முடிச்சோடு, மகளின் பிரசவத்துக்கென்று செய்த மருந்துப் பொடிகளோடு வந்து நின்றார். அவருடைய இடம் முதல்நாளே வெறுமையாகப் போயிருந்தது. அன்றைய வண்டியில் படுக்கை இல்லை. எம் கைப்பணத்தில் வேறு சீட்டு எடுத்துப் பொதுப்பெட்டியில் ஏற்றிவிட்டோம். இரவெல்லாம் நின்றுகொண்டே போயிருப்பார். சீட்டின் தொகையைத் தர முடிந்தது. அந்த இரவை எப்படித் தருவது? அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "நாயனா" என்றுதான் அழைத்தார். தெலுங்கில் அது தந்தையையும் மகனையும் அன்போடு அழைக்கும் சொல் என்று பிறகு கேட்டறிந்தோம்.

அதன்பின் கற்றோம். கற்கக் கற்க வியப்பு. 'செப்பு' என்னும் சொல்லை நாம் செய்யுளில் பூட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் கறிகாய்க் கடையில் வழங்குகிறார்கள். நம் 'இல்'லே அவர்களுக்கு 'இல்லு'.

தமிழ்ச் சங்க மேடையில் தெலுங்குக்கு வக்காலத்தா என்று சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. இப்பகுதியில் எல்லைப் போராட்டம் நடந்த காலத்தை நம் பெரியோர் மறந்திலர். ம.பொ.சி. அவர்கள் போராடினார், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திரத்தில் தங்கிற்று. அந்தப் புண்ணின் தழும்பு நம் வீடுகளில் உண்டு. நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தை மறவாதிருக்கச் சனிக்கிழமைதோறும் சங்கம் வகுப்பு நடத்துவதும் அதனால்தான். அதில் ஓர் அணுவும் குறையக் கூடாது. ஆனால் பத்தாண்டு, இருபதாண்டு இங்கு வாழ்ந்தும், அடுத்த வீட்டு அம்மாளின் துயரத்தை அவர் மொழியில் கேட்டறிய இயலாமல் இருப்போமாயின், நாமும் பதினான்கு நாளுக்கு வந்தவர்களே ஆவோம்.

இவ்வெண்ணத்தை எம் நண்பரின் மகளிடம் சொன்னோம். பள்ளியில் தெலுங்கைப் பாடமாகப் பயின்றவள் அவள். விடுமுறைக் காலத்தில் புதிதாக மாறுதலாகி வந்துள்ள குடும்பத்தினருக்கும், விரும்பும் தாய்மார்களுக்கும் தெலுங்கு கற்பிக்க உடன்பட்டிருக்கிறாள். செயற்குழு நெடிய வாதத்துக்குப் பின், இரண்டு வாக்கு வேற்றுமையில் இசைவு தந்தது. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கக் கூடத்தில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் அதே கரும்பலகையில் முதல் பாடம். தெலுங்கில் இன்னும் தடுமாறிப் படிக்கும் யாமும் பின்வரிசையில் அமர்வோம். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றிரவே செயலாளரிடம் கொடுக்கலாம்.

மலைநாட்டு மூதாட்டிக்கு அவள் எழுதிய முதற் கடிதம் சென்ற திங்களன்று தபாலில் சேர்ந்தது. அவர் பேரனுக்கெனத் தனியே ஒரு தாள் வைத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.