நோயாளியின் தட்டில் கை வைக்காதீர்கள்!

(பல்லாவரம் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் பகுதியிலிருந்தும் போய் வருகிறார்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? 'கறி, முட்டை தின்றால் கட்டி வளரும்' என்று வெறும் கஞ்சித் தண்ணீர்! இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

நோயே சதையைக் கரைக்கிறது. கீமோ மருந்தால் குமட்டல்; வாயில், தொண்டையில் கதிர்வீச்சு கொடுத்தால் புண். நாக்கில் ருசியும் மாறிவிடுகிறது. எடை சரிந்தால் சிகிச்சையையே தள்ளிப்போட நேரிடலாம்.

நம் நோன்புக் கஞ்சி இருக்கிறதே, அதை மிளகாய், மசாலா இல்லாமல் கொத்துக்கறியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, அன்றன்று காய்ச்சி, இளஞ்சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முட்டை நன்றாக வெந்திருக்கட்டும், அரைவேக்காடு வேண்டாம்.

ரமளானில் அவரை நோன்பு வைக்கச் சொல்லி வற்புறுத்துவோரே, நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை (2:185) தடுக்க நீங்கள் யார்?

சந்தேகமிருந்தால் பக்கத்து வீட்டாரை அல்ல, சிகிச்சை தரும் டாக்டரைக் கேளுங்கள்.