கை கால் விழுந்தால்: தாத்தாவின் வைத்தியரும் அண்ணனின் டாக்டரும்

(எரியோடு, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியரான நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைவர் ஐயா என்னைப் பேச அழைத்தபோது, "பழைய காலத்து வைத்தியம் பற்றி ஏதாவது சொல்லுங்க சார், பெரியவங்க ரசிப்பாங்க" என்றார். ரசிப்பதற்கு மட்டும் சொன்னால் போதாது. அதனால் பக்கவாதத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வந்த நோய் அது.

முதலில் என் தாத்தா. அப்போது நான் நாலாம் வகுப்பு. காலையில் எழுந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை தூக்க வரவில்லை. "கை கால் விழுந்துருச்சு" என்று ஊரே கூடியது. பக்கத்து ஊரிலிருந்து சித்த வைத்தியர் சைக்கிளில் வந்தார்.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றுக்கும் நாடி உண்டு. வாத நோய்கள் மட்டும் எண்பது என்று யூகி முனிவரின் வைத்திய சிந்தாமணி வகைப்படுத்துகிறது. உடம்பின் அசைவெல்லாம் வாதத்தின் வேலை. அது கெட்டால் அசைவு கெடும். அதுதான் அவர்கள் கணக்கு. பெயரே 'பக்க வாதம்'தானே.

வைத்தியம் ஒரு வரிசையில் நடந்தது. முதலில் பேதி மருந்து, ஏறிய வாதத்தை இறக்குவதற்கு. அடுத்து தைலம். அதன் பிறகு வேது: நொச்சி, ஆமணக்கு, வாதநாராயணன், தழுதாழை இலைகளைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பது. தழுதாழைக்கு வாதமடக்கி என்றே ஒரு பெயர் உண்டு. புளி தள்ளி, உப்பைக் குறைத்துப் பத்தியம். உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று இன்று நமக்குத் தெரியும். அவருக்கு அது பத்தியம், அவ்வளவுதான்.

பிறகு தொக்கணம். சித்த மருத்துவத்தில் இது ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். வைத்தியர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் வந்தார். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினார். முற்றத்தில் இரண்டு பக்கமும் மூங்கில் கழி கட்டி, அதைப் பிடித்து நடக்கவைத்தார். பிசியோதெரபி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நடந்தது அதுதான். தாத்தா தடி ஊன்றி நடந்தார். வலது கை கடைசிவரை முழுதாக வரவில்லை. ஒன்பது வருஷம் இருந்தார்.

அப்படியானால் அந்த வைத்தியம் நோயைக் குணமாக்கியதா? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பக்கவாதம் வந்த பிறகு மூளை தானாகவும் ஓரளவு மீளும். முதல் சில மாதங்களில்தான் அது வேகமாக நடக்கும். சிலருக்கு வந்த அறிகுறி சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ மறைந்தும் போகும். மீண்டவர் எல்லாம் வைத்தியரின் பெயரைச் சொன்னார்கள். முதல் வாரத்திலேயே இறந்தவர்கள் எதுவும் சொல்ல வரவில்லை.

உள்ளே நடந்தது என்ன என்று பார்க்க அவரிடம் வழியில்லை. சீமை வைத்தியருக்கும் அப்போது அதே கதிதான். ஐரோப்பாவில் இந்த நோய்க்குக் கையைக் கீறி ரத்தம் எடுத்தார்கள், அட்டை விட்டார்கள். 1658ல் சுவிட்சர்லாந்தின் வெப்ஃபர் என்ற மருத்துவர், இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, மூளையில் ரத்தம் கசிந்திருப்பதை எழுதினார். ரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரோச்சி கொண்டுவந்தது 1896ல். ரத்தக் குழாய் அடைத்ததா, வெடித்ததா என்று உயிரோடு இருப்பவரின் தலைக்குள் பார்க்க சி.டி. ஸ்கேன் வேண்டியிருந்தது. லண்டனில் முதல் நோயாளிக்கு அதை எடுத்தது 1971ல். என் தாத்தா விழுந்தது அதற்கும் முன்னால். அன்று அவரை எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலும், அடைப்பைக் கரைக்கும் ஊசி கிடைத்திருக்காது. அமெரிக்காவிலேயே அதற்கு அனுமதி வந்தது 1996ல்தான்.

அதனால் தாத்தாவின் வைத்தியர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தன்னால் முடிந்ததை முழுதாகச் செய்தார். குறை என் மேல்.

ஆறு வருஷம் முன்பு, காலை ஆறரை மணி. அண்ணன் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. பேச்சு குழறியது. "வெயில்ல அலைஞ்ச அசதி, படுங்கண்ணே" என்றேன். எட்டு மணிக்கும் சரியாகவில்லை. உறவுக்காரர் ஒருவர், "புறா ரத்தம் சூட்டோட தேய்ச்சா உடனே கேக்கும்" என்றார். பத்தாம் வகுப்புக்கு ரத்த ஓட்டம் பாடம் நடத்திய நான், வண்டியை எடுத்துக்கொண்டு புறா தேடிப் போனேன். புறா கிடைத்தது, தேய்த்தோம். அதற்குள் இன்னொருவர் கஷாயம் ஊற்ற, அண்ணனுக்குப் புரையேறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" ஆறரை என்றேன். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதையும் ஸ்கேன் பார்த்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே போடுவார்கள். ஆஸ்பத்திரி எங்களுக்கு அரை மணி நேரப் பயணம்தான்.

அண்ணன் இருக்கிறார். நாலைந்து வார்த்தைதான் பேசுவார். ஆனால் நடக்கிறார், அது அண்ணியால். தாத்தாவின் வைத்தியர் மாதிரி, ஒரு நாள் விடாமல், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை இரண்டு வேளையும் செய்யவைத்தார். இந்தப் பொறுமையை அந்தக் காலத்து வைத்தியத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாலரை மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு. அதன் பிறகு வரும் மாதங்கள் வீட்டாரின் பொறுமைக்கு. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதல் நாளைத் தைலத்தில் கழிக்கிறோம், டிஸ்சார்ஜ் ஆனதும் ஆளைக் கட்டிலில் விட்டுவிடுகிறோம்.

நம் குடியிருப்புக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள். வாயில் தண்ணீர், கஷாயம், மாத்திரை எதுவும் வேண்டாம். அறிகுறி தானாக மறைந்தாலும் போயே ஆக வேண்டும். அது எச்சரிக்கை மணி.

ரத்த அழுத்த மாத்திரையை, "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் உண்டு. தைலம் தேய்ப்பது, சித்த சிகிச்சை எடுப்பது எல்லாம் பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம்.

செயலாளர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். லிஃப்ட் பக்கத்தில் தண்ணீர் வரும் நேரம் ஒட்டியிருக்கிறீர்கள். அதன் கீழே இந்த மூன்று கேள்வியையும் 108ஐயும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். வாட்ச்மேன் தம்பிக்கும் சொல்லிக்கொடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கேட்டைத் திறக்கப் போவது அவர்தான்.