ஓரம் வெட்டின படம்

இன்னைக்கு எபிசோடு நான் ஏமாந்த கதையில இருந்து ஆரம்பிக்குது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு தீப்பெட்டி லேபிள் வாங்கினேன். தீப்பெட்டி இல்ல, அதுமேல ஒட்டுற படம் மட்டும். ரெண்டு இஞ்ச் நீளம் இருக்கும். சிவப்புப் பின்னணியில ஒரு மயில். ‘1950கள், சிவகாசி, ஒரிஜினல்’னு போட்டிருந்தாங்க. விலை 1,800 ரூபாய். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். சென்னையில வாடகை வீட்டுல உக்காந்துக்கிட்டு ஊர் ஞாபகத்துல காசு கொடுக்கிற ஆள் நான். யோசிக்கவே இல்ல, வாங்கிட்டேன்.

ஊருக்குப் போனப்போ மாமாகிட்ட காட்டினேன். அம்மாவோட அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேல தினமும் விருதுநகர்ல இருந்து பஸ் ஏறி, சிவகாசியில ஒரு பிரஸ்ல கட்டிங் மெஷின் ஓட்டினவர். படத்தை வாங்கினார். முகப்பை அவர் பார்க்கவே இல்ல. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம் கட்டைவிரல் நகத்தால ஓரத்தை ஒரு தடவு தடவினார்.

“என்ன விலைடா?”

“1,800 மாமா.”

“இதை நம்ம ஊர்லயேதான் அடிச்சிருப்பான். போன வருஷம் அடிச்சிருப்பான்.”

அத்தை உள்ள இருந்து, “சாப்பிட்டுப் பேசுங்க, பரோட்டா ஆறுது”ன்னாங்க. விருதுநகர் எண்ணெய் பரோட்டா அன்னைக்கு மட்டும் எனக்கு இறங்கல.

மாமா எப்படி அஞ்சு செகண்ட்ல கண்டுபிடிச்சார்ங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு. இந்த வித்தை தீப்பெட்டி லேபிளோட நிக்கல. அமெரிக்காவுல கோடிக்கணக்குல விலை போற ஸ்போர்ட்ஸ் கார்டு வரைக்கும் இதேதான். உங்கள்ல சில பேர் சின்ன வயசுல கிரிக்கெட் அட்டாக்ஸ் பாக்கெட் பிரிச்சிருப்பீங்க, சில பேர் இன்னும் பிரிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல, ஏன் சிவகாசி? 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யிற தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. அடுத்த வருஷம் சிவகாசியில தொழில் ஆரம்பிச்சது. அதே 1923-லதான் ஸ்வீடன்காரங்களோட விம்கோ கம்பெனியும் இந்தியாவுல உருவாச்சு. அவங்ககிட்ட பெரிய பெரிய மெஷின். நம்ம பக்கம் கைவேலை. வீட்டுத் திண்ணையில உக்காந்து பெட்டி மடிச்சு லேபிள் ஒட்டின பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான் அந்தத் தொழிலையே தூக்கி நிறுத்தினாங்க. 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்குதான்.

பெட்டி இருந்தா லேபிள் வேணும். லேபிளுக்கு பிரஸ் வேணும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் படம் அடிக்க வந்த பிரஸ்கள்தான் அப்புறம் காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகைன்னு போச்சு. அப்படிப்பட்ட ஊர்ல போலி அடிக்கிறது கஷ்டமான வேலையா என்ன? எது வேணும்னாலும் அச்சாகும். அதனால அந்த ஊர்க்காரங்க படத்தைப் பார்த்து எதையும் நம்புறதில்ல.

மாமா ஒரு லென்ஸ் எடுத்துக் கொடுத்தார். பிரஸ்ல கலர் பார்க்க வச்சிருப்பாங்களே, சின்னதா மேஜைமேல நிக்கிற மாதிரி, அது. “எழுத்தைப் பாரு”ன்னார். மயிலுக்குக் கீழ இருந்த எழுத்தைப் பார்த்தேன். எழுத்தோட ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா இருந்தது. நீலப் புள்ளி, ரோஸ் புள்ளி, மஞ்சப் புள்ளி.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து லேபிள்ல ஒவ்வொரு கலரும் தனித்தனி மையா தனித்தனியா ஏறும். சிவப்புன்னா அது சிவப்பு மை. எழுத்து கறுப்புன்னா முழுக் கறுப்பு. ஒரு கலர்மேல இன்னொரு கலர் சரியா உக்காராம லேசா விலகி நிக்கும், மயிலோட கழுத்துக்கு வெளிய நீலம் வழியும். அது அழகு. இன்னைக்குப் போலி அடிக்கிறவன் என்ன செய்யிறான்? பழைய லேபிளை ஸ்கேன் பண்ணி நாலு கலர்ல அடிக்கிறான். அந்த முறையில எல்லா நிறமும் புள்ளிகளோட கலவைதான். முழு நிறமா இருக்க வேண்டிய இடத்துலயும் எழுத்துலயும் புள்ளி வந்துரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் வச்சா பளிச்னு தெரியும். அந்தக் காலத்துலயே படத்துக்குப் புள்ளி வச்சு அடிச்ச லேபிளும் உண்டு. அதனாலதான் மாமா மயிலைப் பார்க்கச் சொல்லல, எழுத்தைப் பார்க்கச் சொன்னார்.

அப்புறம் பேப்பர். என் லேபிள் நல்லா மஞ்சளா இருந்தது. மாமா மோந்து பார்த்துட்டு, “டீத்தண்ணி”ன்னார். வயசான காகிதம் ஓரத்துல இருந்து உள்ள நோக்கி மஞ்சளாகும், காத்து முதல்ல படுறது அங்கதான். என்னோடது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மஞ்சள். ஓரம் மட்டும் வெள்ளை, நேத்து வெட்டின மாதிரி. இன்னொரு வழியும் இருக்கு. புற ஊதா லைட் அடிச்சுப் பாருங்க. காகிதத்தை வெளுப்பாக் காட்டச் சேர்க்கிற ரசாயனம் பரவலா வந்ததே 1950கள்லதான். ‘1930’ன்னு ஒருத்தர் விக்கிற லேபிள் நீலமா மின்னிச்சுன்னா கிளம்பிருங்க.

இது ஸ்கேன் பண்ணின போலி. இன்னொரு வகை, பழசு மாதிரி புதுசா வரைஞ்சு அடிக்கிறது. அதைப் பிடிக்க எனக்குப் பிடிச்ச வழி, முகவரியைப் படிக்கிறது. விருதுநகர் தனி மாவட்டமா பிரிஞ்சது 1985-ல. முதல்ல அதுக்கு காமராஜர் மாவட்டம்னு பேரு. விருதுநகர் மாவட்டம்னு பேர் மாறினது 1997-ல. அதுக்கு முன்னாடியெல்லாம் சிவகாசி இருந்தது ராமநாதபுரம் மாவட்டத்துல. பின்கோடு வந்தது 1972-ல. அப்போ ஒரு லேபிள்ல 626123-ன்னு போட்டு, ‘60 வருஷப் பழசு’ன்னு ஒருத்தர் சொன்னா அவருக்குக் கணக்கு வரலைன்னு அர்த்தம். நயா பைசான்னு போட்டிருந்தா 1957-க்கும் 1964-க்கும் நடுவுல இருக்கணும். பெட்டி விலை 25 பைசாவுல இருந்து 50 பைசா ஆனது 1995-ல, ஒரு ரூபாய் ஆனது 2007-ல, ரெண்டு ரூபாய் ஆனது 2021 டிசம்பர்ல. தீப்பெட்டி எவ்வளவு பொறுமையான பொருள் பாருங்க, 14 வருஷம் ஒரே விலை.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. பழைய லேபிள்லயே போலி உண்டு. ஒரு பிராண்டு நல்லா ஓடினா அதே மாதிரி படம், ஒரு எழுத்து மட்டும் மாத்தி இன்னொருத்தர் இறக்கிருவார். எழுத்துப் படிக்கத் தெரியாதவங்க படத்தைப் பார்த்துத்தானே பெட்டி கேட்டாங்க. ஸ்வீடனோட மூணு நட்சத்திரப் படத்தை உலகம் பூரா காப்பி அடிச்சிருக்காங்க. அந்தக் காலத்துப் போலியை இன்னைக்குச் சேகரிக்கிறவங்க தேடித் தேடி, நல்ல காசு கொடுத்து வாங்குறாங்க. போலிதான், ஆனா அந்தக் காலத்து ஒரிஜினல் போலி. என் மயில் இந்தக் காலத்துப் போலி, அதனால மதிப்பில்ல. இதை அத்தைகிட்ட விளக்கப் போய் திட்டு வாங்கினேன்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். தீப்பெட்டி லேபிளுக்கு ஒரு வகையில பெரியப்பா பிள்ளை மாதிரி ஒண்ணு அங்க இருக்கு. 1909-ல இருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்டுக்குள்ள பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட சின்ன அட்டை வச்சுக் கொடுத்தாங்க. சேகரிக்கிறவங்க அதை டி206-ன்னு சொல்லுவாங்க. அதுல ஹோனஸ் வாக்னர்ங்கிற வீரரோட அட்டை ரொம்பக் கொஞ்சம்தான் வெளிய வந்தது. அந்தக் கொஞ்சத்துலயும் ஒண்ணு மட்டும் அதிசயம். மூலை மழுங்கல, ஓரம் கசங்கல.

1985-ல பில் மாஸ்ட்ரோங்கிற வியாபாரி அதை 25,000 டாலருக்கு வாங்கினார். ரெண்டு வருஷத்துல 1,10,000 டாலருக்கு வித்தார். 1991-ல ஐஸ் ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கி இன்னொருத்தரோட சேர்ந்து 4,51,000 டாலர் கொடுத்து ஏலத்துல எடுத்தார். அப்போதான் பிஎஸ்ஏ-ன்னு ஒரு கம்பெனி வந்திருந்தது. கார்டைப் பரிசோதிச்சு பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில வச்சு சீல் பண்ணிக் கொடுக்கும். அவங்க மார்க் போட்ட முதல் கார்டே இதுதான். பத்துக்கு எட்டு. 2007-ல அது 28 லட்சம் டாலருக்குப் போச்சு.

நூறு வருஷம் சிகரெட் பாக்கெட், பையன்களோட பாக்கெட்னு சுத்தின அட்டைக்கு மூலை எப்படி அவ்வளவு கூர்மையா இருக்கும்னு சந்தேகம் பல வருஷமாவே பேச்சுல இருந்தது. கடைசியில, ஏல மோசடி வழக்குல மாட்டின மாஸ்ட்ரோ 2013-ல கோர்ட்ல ஒத்துக்கிட்டார். ஓரத்தை வெட்டினது அவர்தான். 2015-ல 20 மாசம் ஜெயில் தண்டனை. தண்டனை இந்த வெட்டுக்கு மட்டும் இல்ல. அவர் ஏலத்துல ஆளே இல்லாம விலையை ஏத்திவிடுற பொய்க் கேள்விதான் பெரிய குற்றச்சாட்டு.

கவனிங்க, அது போலி கார்டு இல்ல. காகிதம் நிஜம், மை நிஜம், வருஷம் நிஜம். ஓரத்துல துளி மட்டும் இல்ல.

இதை மாமாகிட்ட சொன்னேன். அசந்து போவார்னு நினைச்சேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த மெஷின்ல வெட்டினானாம்?”

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து போய் பீரோவுல இருந்து அவரோட ஆல்பத்தை எடுத்துட்டு வந்தார். 340 லேபிள். நான் சின்னப் பையனா இருந்தப்போ லீவுக்குப் போனா தொட விடமாட்டார். எல்லாம் அவ்வளவு நேர்த்தியா, ஒரே அளவுல வரிசையா இருக்கும். அந்த ‘ஒரே அளவு’ எப்படின்னு நான் இத்தனை வருஷமா யோசிச்சதே இல்ல.

“ஓரம் கிழிஞ்சு வரும், பசை ஒட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்துல மெஷின் சும்மா நிக்கும்ல, ஒரு வெட்டு வெட்டுவேன். சட்டை ஓரம் பிரிஞ்சா மடிச்சுத் தைக்க மாட்டியா? அழகுக்குச் செஞ்சதுடா. விக்கணும்னு நினைச்சா செஞ்சேன்?”

இங்கதான் எனக்குத் தொண்டை அடைச்சது. ஏன்னா விக்கணும்னு சொன்னது நான். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் இருந்தது. சென்னையில எனக்குத் தெரிஞ்ச ஒரு சேகரிப்பாளர்கிட்ட ஆல்பத்தைப் பத்தி ஏற்கனவே பேசியிருந்தேன். போட்டோ பார்த்துட்டு அவர் சொன்ன வார்த்தை, ‘கண்டிஷன் பிரமாதம்’. அந்த பிரமாதம் கட்டிங் மெஷினோட வேலை.

சொல்லாம இருந்திருக்கலாம். நிஜமா அந்த யோசனை வந்தது. லேபிளுக்கு மார்க் போட்டு சீல் வைக்கிற கம்பெனி எதுவும் இங்க இல்ல. போட்டோவுல தெரியாது. 1,800 ரூபாய்க்கு ஏமாந்து ஒரு வாரம் புலம்பின அதே ஆள்தான் நான், அப்படியும் அந்த யோசனை வந்தது.

மாமா பென்சில் கேட்டார். ரெண்டு சாயங்காலம் உக்காந்தோம். வெட்டின லேபிளுக்குக் கீழ, ஆல்பத் தாள்ல சின்னதா ‘வெ’ன்னு எழுதினார். லேபிள்மேலயே எழுதப் போனவரை நான்தான் தடுத்தேன். ஒவ்வொண்ணும் அவருக்கு ஞாபகம் இருந்தது, எந்த வருஷம், எந்தக் கட்டுல கிடைச்சது எல்லாம். சந்தேகம் வந்தா நகத்தால ஓரத்தைத் தடவுவார். மொத்தம் 61 ‘வெ’.

அந்தச் சேகரிப்பாளர் நேர்ல வந்தார். ‘வெ’ எல்லாம் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடிச்சு, ஆனா உடனே லென்ஸ் எடுத்துட்டு உக்காந்துட்டார். வெட்டாததுல 43 எடுத்துக்கிட்டார், பேசின விலைக்கே. ஆபரேஷன் செலவுல முக்கால்வாசி அதுலயே வந்துருச்சு. அப்புறம் ஒரு ‘வெ’யைக் காட்டி, “இது வேற எங்கயும் பார்த்ததில்ல அண்ணாச்சி, வெட்டியிருந்தாலும் பரவாயில்ல”ன்னு கால் விலை சொன்னார். மாமா சரின்னார். ஆனா லேபிளை மட்டும் உரிச்சுக் கொடுக்கல. ‘வெ’ எழுதின தாளோட சேர்த்து, கத்திரியால நேரா வெட்டிக் கொடுத்தார்.

வாசல் வரைக்கும் வந்த அவர்கிட்ட நான் கேட்டேன், “நாளைக்கு நீங்க யாருக்காவது கொடுத்தா அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுப்பீங்களா?” கொடுப்பேன்னு சொன்னார். அவருக்கு அடுத்து வாங்குறவர்கிட்ட நான் கேக்க முடியாது.

என் மயில் இப்போ மாமா ஆல்பத்துல கடைசிப் பக்கத்துல இருக்கு. கீழ பென்சில்ல ‘போ, 1,800’ன்னு எழுதி வச்சிருக்கார். கண் சரியானதும் முதல்ல அதைத்தான் எடுத்துப் பார்த்துச் சிரிச்சாராம், அத்தை சொன்னாங்க.

உங்க வீட்டு பீரோவுல பழைய லேபிள், கிரிக்கெட் படம் ஏதாவது இருந்தா முகவரியைப் படிச்சுப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.