மரத்துகள் விரித்த பாதை



ஓட்டப் பந்தயம் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை மைதானமும், சுண்ணாம்புக் கோடும், கடிகாரத்தைக் கையில் பிடித்த பயிற்சியாளரும்தான். ஆனால் அந்த மைதானத்தில் பதினைந்து நிமிஷமோ அரை மணியோ ஓடிக் கீர்த்தி பெறுகிற ஒருவன், அந்தச் சொற்ப நேரத்துக்காக வருஷக்கணக்கில் ஓடித் தீர்த்த பாதை எது, அது மண்ணா, கல்லா, தாரா, அதன் ஓரத்தில் மரநிழல் உண்டா, தண்ணீர் உண்டா என்று நாம் விசாரிப்பதே இல்லை. இன்று நான் பேச வந்தது அத்தகைய பாதைகளைப் பற்றி. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் என்ற நடுத்தர ஊரில் உள்ள பாதைகளைப் பற்றி.

வில்லாமெட் என்னும் ஆறு தெற்கே பிறந்து வடக்கு நோக்கிப் பாய்ந்து, போர்ட்லண்ட் நகரத்தருகே கொலம்பியா என்ற பெருநதியில் கலக்கிறது. அதற்கு மேற்கே கடலை மறைத்து நிற்கும் தாழ்ந்த மலைத்தொடர். கிழக்கே பனி மூடிய எரிமலைச் சிகரங்களைத் தாங்கிய காஸ்கேட் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற பள்ளத்தாக்கின் தென்கோடியில், குன்றுகள் ஊரை நெருங்கி வந்து எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும் இடத்தில், யூஜீன் அமைந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வ குடிகளான கலப்பூயா மக்கள், கோடை முடிகிற தருணத்தில் புல்லுக்குத் தீயிட்டு, ஓக் மரங்கள் தனித்தனியே நிற்கும் திறந்த வெளியாக நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். மலைச்சரிவுகளிலோ டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரம், கோபுரத்துக்கு மேல் கோபுரம் வைத்தாற்போல் அறுபது எழுபது மீட்டர் உயரம் வளர்ந்து, பகலிலும் இருள் கவிந்த வனமாக நின்றது.

வெள்ளையர் குடியேறிய பிறகு அந்த வனமே பிரதேசத்தின் ஜீவனமாயிற்று. மரத்தை வெட்டினார்கள், ஆற்றில் மிதக்க விட்டார்கள், ஆலைகளில் அறுத்தார்கள். மிஞ்சிய பட்டையையும் மரத்தூளையும் என்ன செய்வதென்று தெரியாமல், கூம்பு வடிவான பெரிய இரும்புச் சூளைகளில் போட்டு இரவும் பகலும் எரித்தார்கள். அந்தப் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நின்றது. இந்த மரத்தூளை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதை இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

யூஜீனில் உள்ள ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மன் என்ற பயிற்சியாளர் இருந்தார். 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நியூஜிலாந்துக்குச் சென்றார். அங்கே ஆர்தர் லிடியார்டு என்னும் புகழ்பெற்ற ஆசான், பந்தயக்காரரை மட்டுமின்றி நடுவயதினரையும் முதியவர்களையும்கூட மெல்லோட்டம் ஓட வைத்துக்கொண்டிருந்தார். அவர்களோடு ஒரு நாள் ஓடப் போன பவர்மன், தம்மைவிடப் பல வருஷம் மூத்த, இருதய நோயால் பீடிக்கப்பட்டிருந்த ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். ஐம்பதைத் தாண்டிய ஒரு பயிற்சியாளருக்கு இது எவ்வளவு பெரிய பாடமாக இருந்திருக்கும்! ஊர் திரும்பியதும் அவர் ஊராரை அழைத்து ஓடச் சொன்னார். முதலில் சிலர் வந்தார்கள், சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். இருதய நிபுணர் ஒருவரோடு சேர்ந்து அவர் எழுதி 1967-இல் வெளியான மெல்லோட்டம் பற்றிய புத்தகம், அமெரிக்கா முழுவதும் இந்தப் பழக்கம் பரவுவதற்கு ஒரு முக்கியமான காரணம்.

பவர்மனுடைய போதனையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஒரு நாள் கடுமையாக உழைத்தால் மறுநாள் இலகுவாக ஓடி உடம்பைத் தேற்ற வேண்டும் என்பது அவர் விதி. அதை மீறி ரகசியமாக அதிகம் ஓடிய மாணவர்களை அவர் கண்டிப்பாரே தவிர மெச்சமாட்டார். உடம்பை வருத்துவதே சாதனை என்று எண்ணியிருந்த காலத்தில், இளைப்பாறுதலும் பயிற்சியின் பகுதி என்று அவர் சொன்னார். இலகுவான நாள் என்று ஒன்று இருக்குமானால், இலகுவான தரையும் வேண்டுமல்லவா?

அந்தத் தரையைக் கேட்டு வாதாடியவன், அவரிடம் பயின்ற ஸ்டீவ் பிரிஃபான்டேன் என்ற இளைஞன். கூஸ் பே என்னும் துறைமுகத்தில், மரமே பிழைப்பாக இருந்த ஊரில், 1951-இல் பிறந்தவன். தந்தை தச்சர், தாய் ஜெர்மனியிலிருந்து வந்து தையல் வேலை செய்தவர். யாரையும் முன்னே விடாமல் முதல் அடியிலிருந்தே முன்னணியில் ஓடுவது அவன் சுபாவம். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில், 5000 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சில அடிகளில் பதக்கம் கைநழுவி நாலாவதாக வந்தான். அதே ஒலிம்பிக்கில் மாரத்தானிலும் பவர்மனின் மற்றொரு மாணவரான கென்னி மூர் நாலாவதாகத்தான் வந்தார் என்பதை எண்ணினால், யூஜீனுக்காக மனம் சற்று வேதனைப்படுகிறது.

பந்தயங்களுக்காக ஐரோப்பாவுக்குப் போன சமயங்களில், காட்டுக்குள்ளே மரத்துகளைப் பரப்பி, கால் அமிழ்ந்து எழும்படி அமைத்திருந்த பாதைகளில் ஓடிப் பார்த்தவன் பிரிஃபான்டேன். மரத்தூள் மலையாய்க் குவிகிற நம் ஊரில், ஓடுகிறவன் மட்டும் ஏன் தார்ச்சாலையில் முழங்காலைத் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குப் பிறந்திருக்க வேண்டும். ஊர் அதிகாரிகளிடம் அவன் விடாமல் வற்புறுத்தினான். 1975-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி பல்கலைக்கழகத்தின் ஹேவர்டு மைதானத்தில் 5000 மீட்டர் ஓடி வென்றான். அன்று நள்ளிரவு கடந்து, குன்றின் மேலுள்ள வளைந்த சாலையில் கார் கவிழ்ந்து இறந்தான். வயது இருபத்து நாலு. 2000 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரை அமெரிக்க சாதனைகள் அனைத்தும் அன்று அவன் பெயரில் இருந்தன.

அவன் கேட்ட பாதை அதே ஆண்டில் உருவாயிற்று. ஆற்றின் வடகரையில், ஆல்டன் பேக்கர் பூங்காவுக்குள், ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டி மேடாக்கிய நிலத்தையும் தழுவிக்கொண்டு, சுமார் ஆறு கிலோமீட்டர் சுற்றி வருகிறது அது. மக்கள் அதை அவனுடைய செல்லப் பெயராலேயே ‘பிரி’யின் பாதை என்கிறார்கள்.

ஒரு கார்த்திகை மாத மழையில் நான் அங்கே போயிருந்தேன். பல்கலைக்கழகத்துப் பக்கத்திலிருந்து ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் நின்று பார்த்தால், பச்சை கலந்த தெளிந்த நீர் கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடுகிறது. பாலத்தைத் தாண்டி மரத்துகளில் கால் வைத்த அந்த முதல் அடியை இன்னும் மறக்கவில்லை: தரை சற்றே இறங்கி, பிறகு காலை மெல்லத் தூக்கிக் கொடுத்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினேன். மேலே கிடந்த துகள் செம்மை மாறாமல், அறுத்த மரத்தின் பிசின் வாசனையோடு இருந்தது. விரலால் கிளறினால் அடியிலுள்ளது கறுத்து, மக்கி, மண்ணாகிக்கொண்டிருந்தது. மழையும் பூஞ்சணமும் தின்றுவிடுவதால் சில வருஷங்களுக்கொரு முறை புதுத் துகளைக் கொட்டிப் பரப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சிரத்தையை நிறுத்தினால் பாதை மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும்.

தட்டையான ஆற்றங்கரை அலுத்தவர்களுக்கு ஊரின் தெற்கே குன்றுப் பாதைகள் இருக்கின்றன. அங்கே ஃபிர் மரங்களுக்கு நடுவே ஏறி இறங்கி ஓடலாம். மூச்சுக்குப் பயப்படாதவர்கள் 627 மீட்டர் உயரமுள்ள ஸ்பென்சர் சிகரத்தின் பாறை உச்சி வரை போகலாம். ஓரத்தில் மூன்று மூன்று இலையாகத் தழைத்திருக்கும் ஒரு செடியை மட்டும் தொடக்கூடாது; பட்டால் தோல் கொப்பளிக்கும் நச்சுச் செடி அது, ஊர்க் குழந்தைகளுக்குக்கூட அடையாளம் தெரியும். இன்னும் தூரம் வேண்டுமென்பவர்கள் கிழக்கே, மெக்கன்ஸி ஆற்றின் ஓரமாக, எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளின் மேல் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள்.

இந்தச் சௌந்தரியமெல்லாம் தானாக நிலைத்ததன்று. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லாமெட் ஆறு, காகித ஆலைகளின் கழிவாலும் ஊர்ச் சாக்கடையாலும் நாற்றமெடுத்துக் கிடந்தது. டாம் மெக்கால் என்பவர் அதைப் படம் பிடித்துத் தொலைக்காட்சியில் காட்டி, பிறகு ஆளுநராகவும் வந்து, நதியைச் சுத்தப்படுத்தவும் அதன் கரைகளைப் பொதுமக்களுக்கென்று காக்கவும் பாடுபட்டார். கரை தனியார் வேலிக்குள் அடைபட்டிருந்தால் அங்கே யார் ஓடுவது? ஆபத்தும் நீங்கிவிடவில்லை. 2020 செப்டம்பரில் மெக்கன்ஸி பள்ளத்தாக்கில் மூண்ட காட்டுத்தீ ஏறத்தாழ 70,000 ஹெக்டேரைப் பொசுக்கியது. ஆற்றோர ஊர்கள் சாம்பலாயின. யூஜீனில் பட்டப்பகலில் வானம் சிவந்து, ஓட்டக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நாட்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

நான் போயிருந்த அன்று மழை விடவே இல்லை. பூங்காவின் வளைவொன்றில் ஒதுங்கி நின்றேன். நரைத்த தலையில் ஈரம் சொட்ட, எழுபது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்மணிகள், ஏதோ குடும்ப விஷயம் பேசிக்கொண்டே, நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு வேகத்தில் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலைந்து பேர், காலடிச் சத்தமே கேட்காமல், காற்றுபோல் வந்து, அந்தப் பெண்மணிகளுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கிக் கடந்து போனார்கள். ஒருவருக்கொருவர் கை தூக்கிக்கொண்டார்கள். பாதை திரும்பும் இடத்தில் மரங்கள் எல்லோரையும் மறைத்துவிட்டன.