ஐஸ் மிச்சமிருக்க வேண்டும்



தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஏலம் போன மீன் மறுநாள் காலையில் கோட்டயத்துச் சந்தையில் இருக்கிறது. பெங்களூரில் ஒரு வீட்டு வாசலில் இறங்குகிறது. நடுவே ஒரு முழுப் பகல் வெயிலையும் சில நூறு கிலோமீட்டர் சாலையையும் அது கடந்திருக்கிறது. அப்படியும் சதை விறைப்பாக, கடல் வாசனை மாறாமல் வந்து சேர்ந்தால், அந்தப் பெருமை ஒரு பெட்டிக்கும் அதில் ஐஸ் போட்டு மீனை அடுக்கியவரின் கைக்கும் உரியது.

மீன் பிடிப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சமைப்பதைப் பற்றி அதைவிட அதிகம் பேசுகிறோம். இடையில் உள்ள இந்த வேலையைச் சுமை தூக்குவதோடு சேர்த்துக் கணக்கு வைத்துவிட்டோம். இதை நான் ஒரு கலை என்றே மதிக்கிறேன். இதில் தேர்ச்சி உண்டு, அரைகுறை உண்டு, இரண்டையும் பிரித்துச் சொல்ல ஓர் அளவுகோலும் உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் மூடியைத் திறக்கும்போது, மீனைத் தொட்டபடி ஐஸ் மிச்சமிருக்க வேண்டும். இருந்தால் அடுக்கியவர் வென்றார். வெறும் தண்ணீர் கிடந்தால், அது எப்போது உருகி முடிந்தது, அதற்குப் பிறகு மீன் எத்தனை மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ஐஸ் மீது ஏன் இத்தனை பிடிவாதம்? மீனைக் கெடுப்பவை அதன் செவுளிலும் தோலிலும் குடலிலும் வாழும் பாக்டீரியாக்கள்; கூடவே அதன் உடம்பிலேயே உள்ள நொதிகள். இவை இரண்டும் வெப்பத்துக்கு ஏற்ப வேகமெடுப்பவை. பூஜ்யம் டிகிரியில் கெடும் வேகத்தைப் போல நான்கு மடங்கு வேகத்தில் 10 டிகிரியில் மீன் கெடுகிறது. 5 டிகிரியில்கூட இரண்டு மடங்குக்கு மேல். 10 டிகிரியில் ஒரு நாள் கிடந்த மீன், ஐஸில் இருந்திருந்தால் நான்கு நாளில் இழந்திருக்கக்கூடிய புதுமையை ஒரே நாளில் இழந்துவிடுகிறது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் இன்னோர் ஆபத்தும் சேருகிறது. சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது உடம்பில் தடிப்பும் தலைவலியும் வாந்தியும் வரவழைக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது.

நம் பக்கத்துக் கடலுக்கு ஒரு கொடை இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன்களின் மேலுள்ள பாக்டீரியாக்கள் அந்த வெப்பத்துக்கே பழகியவை. பூஜ்யத்துக்கு இறக்கினால் அவை முடங்கிவிடும். குளிர்கடல் மீனின் பாக்டீரியாக்கள் அப்படி முடங்குவதில்லை. அதனால் நம் மீன் பலவும் ஐஸில் குளிர்கடல் மீனைவிட அதிக நாள் தாங்கும். இந்தக் கொடையை ஐஸ் போடாமல் வீணாக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

ஐஸின் குணத்தைப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி போதும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போதோ ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்குகிறது. விழுங்கி முடிக்கும்வரை பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கிறது. மீனின் உடம்பில் உப்பும் மற்றவையும் கலந்திருப்பதால், அது உறைவதற்குப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போக வேண்டும். ஆகவே ஐஸ் மீனைக் கல்லாக்காமல், உறைநிலையின் விளிம்பிலேயே வைத்துக் காக்கிறது. உருகும் தண்ணீரோ மீனின் மேல் வழிந்து, ஐஸ் தொடாத இடங்களுக்கும் குளிரைக் கொண்டுபோய், கோழையையும் பாக்டீரியாவையும் கழுவிக்கொண்டே இறங்குகிறது. இத்தனை வேலையை ஒன்றாகச் செய்யும் இயந்திரம் எதுவும் இல்லை.

அப்படியானால் பெட்டி எதற்கு? ஐஸைக் காப்பதற்கு. இந்த வித்தை தெர்மாகோலுக்கு வெகு முந்தையது. 1833இல் பாஸ்டன் நகரிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல், நான்கு மாதம் கடலில் வந்து, ஏற்றிய 180 டன் ஐஸில் ஏறத்தாழ 100 டன்னைக் கல்கத்தாவில் இறக்கியது. அதை அனுப்பிய ஃபிரெடரிக் டியூடர் 1842இல் சென்னையில் கட்டிய ஐஸ் கிடங்கைத்தான் நாம் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அறிவோம். டியூடரின் வணிகத்தைத் தாங்கியது மரத்தூள். நம் ஊர்களிலும் ஐஸ் பாளத்தை உமியிலும் மரத்தூளிலும் புதைத்து, சாக்கால் மூடிவைத்தார்கள். மரத்தூளும் உமியும் செய்யும் வேலை ஒன்றே: காற்றை அசையவிடாமல் சிறு சிறு இடைவெளிகளில் பிடித்துவைப்பது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தெர்மாகோல் அதையே முழுமைக்குக் கொண்டுபோனது. அதன் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு வெறும் காற்று.

மூங்கில் கூடையில் ஐஸும் மீனும் போட்டு ரயிலேற்றிய காலம் இருந்தது. ஐஸ் பாதி வழியிலேயே ஒழுகிப்போகும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்குச் சிக்கனமான ஒரு வழி கண்டது. பயன்படுத்திய பழைய தேயிலைப் பெட்டிக்குள் இரண்டரை சென்டிமீட்டர் கனத் தெர்மாகோல் பலகைகளைப் பொருத்தினால், 60 மணி நேரப் பயணம்வரை மீன் தாங்கும் என்று காட்டினார்கள். கையில் கிடைப்பதைக் கொண்டு செய்த நல்ல ஆராய்ச்சி அது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டி; உள்ளளவு அறுபது சென்டிமீட்டர் நீளம், நாற்பது அகலம், முப்பது உயரம். சுவர் இரண்டரை சென்டிமீட்டர் தெர்மாகோல். அதில் 30 டிகிரியில் உள்ள 20 கிலோ மீனை வைக்கிறோம். அதைப் பூஜ்யத்துக்கு இறக்கவே ஏறத்தாழ ஆறரை கிலோ ஐஸ் கரையும். அதன்பின் சுவர் வழியாக வெப்பம் உள்ளே வரும். வெளியே 30 டிகிரி என்றால் மணிக்கு ஏறக்குறைய 400 கிராம் ஐஸை அது தின்னும். ஒரு நாளைக்குப் பத்து கிலோ. ஆக மொத்தம் பதினாறு, பதினேழு கிலோ. மீனும் ஐஸும் சரிக்குச் சரி என்று பெரியவர்கள் போட்ட விதி எவ்வளவு நேர்த்தியானது பாருங்கள். 20 கிலோ போட்டால் மூன்று, நான்கு கிலோ மிஞ்சும். அந்த மிச்சம்தான் வழியில் வண்டி பழுதானாலும் மீனைக் காப்பாற்றும் காப்புத்தொகை. அதே கனத்தில் வெறும் மரப்பெட்டியானால் சுவர் வழியாக வரும் வெப்பம் இரண்டு மடங்குக்கும் மேல். முன்கூட்டியே ஐஸ் தண்ணீரில் குளிரவைத்த மீனை அடுக்கினாலோ அந்த ஆறரை கிலோவும் மிச்சம்.

கணக்கு இவ்வளவுதான். மீதி முழுவதும் கை வேலை. பாளத்தை எவ்வளவு பொடியாக உடைப்பது என்பதில் அது தொடங்குகிறது. பெரிய துண்டுகள் மீனை ஓரிரு இடங்களில் மட்டும் தொடும். கூர்முனையால் சதையைக் குத்தும். பொடி ஐஸ் மீனோடு ஒட்டி உட்காரும். தேர்ந்தவர் அடியில் முதலில் ஒரு படுகை ஐஸ் போடுகிறார். அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன். வெப்பம் சுவர் வழியாகத்தான் வருகிறது என்று அவருக்குத் தெரியும். ஆகவே நாலு ஓரங்களிலும் ஐஸைச் செருகுகிறார். குளிர்ந்த நீர் மேலிருந்து கீழே இறங்கும் என்பதும் தெரியும். ஆகவே உச்சியில் தாராளமாகப் போடுகிறார். குடல் நீக்கிய பெரிய மீனானால் வயிற்றுக்குள்ளும் ஐஸ் வைத்து, உள்ளே தண்ணீர் தேங்காதபடி வயிற்றுப்பக்கத்தைக் கீழாகக் கிடத்துகிறார். மத்தி போன்ற மென்மையான மீனை ஆழமாகக் குவிப்பதில்லை. குவித்தால் அடியில் உள்ளது வயிறு வெடித்துவிடும். கடைசியில் மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுகிறார். விளிம்பில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் அத்தனை உழைப்பும் வீண்.

விமானத்தில் போகும் மீனுக்கு வேறு இலக்கணம். உப்புத் தண்ணீர் ஒழுகினால் விமானத்தின் உலோகம் அரிக்கும். எனவே அங்கே ஒழுகாத பை, ஈரம் உறிஞ்சும் விரிப்பு, உறையவைத்த ஜெல் பைகள். லாரியில் உருகிய நீர் வடிவது நன்மை; விமானத்தில் ஒரு சொட்டும் கூடாது. இரண்டையும் அறிந்தவர்தான் முழுத் தேர்ச்சி பெற்றவர்.

இந்தக் கலை எங்கே தவறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் குற்றம் தாமதம். கரையில் வெயிலில் நான்கு மணி நேரம் கிடந்த மீனை எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது. ஐஸ் கெடுதலைத் தள்ளிப்போடுமே தவிரத் திருப்பித் தராது. இரண்டாவது, ஐஸில் கஞ்சத்தனம். ஐஸ் விலையை மிச்சம் பிடிப்பவர் மீன் விலையில் இழக்கிறார். மூன்றாவது, அசுத்தம். அழுக்குத் தண்ணீரில் செய்த ஐஸும், கழுவாமல் திரும்பத் திரும்ப நிரப்பும் பெட்டியும் நோயைச் சுமப்பவை. இவற்றின் முடிவில் நிற்பது ஃபார்மலின். 2018இல் கேரளத்தில் ஆபரேஷன் சாகர் ராணி என்ற பெயரில் நடந்த சோதனைகளில் ஃபார்மலின் தடவிய மீன் பிடிபட்டு, தமிழ்நாட்டிலும் பெரும் கவலை எழுந்தது. பிணத்தைப் பதப்படுத்தும் மருந்து உணவில் ஏறுவது, ஐஸ் செய்ய வேண்டிய வேலையை ஐஸுக்குக் கொடுக்காததால்தான்.

தெர்மாகோலிலும் ஒரு குறை உண்டு. இலேசானது, மலிவானது, ஆனால் ஓரிரு பயணத்தில் உடைந்து மணிமணியாகக் கடற்கரையில் சிதறுகிறது. மீன் வாழும் நீரையே அது கெடுக்கிறது. அதற்குப் பதில், இரட்டைச் சுவருக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டிகள் வந்துவிட்டன. ஐந்தாண்டுக்கு மேலும் உழைக்கும், அடியில் தண்ணீர் வடிக்க அடைப்பான் உண்டு, தேய்த்துக் கழுவலாம். தடை என்னவென்றால், காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரும் வண்டிக்கூலி. கூரியரிலும் விமானத்திலும் இலேசான பெட்டி தேவைதான். ஆனால் நாள்தோறும் ஒரே சந்தைக்குப் போய்வரும் லாரிகளுக்கு உறுதியான பெட்டிதான் சரி என்பது என் தீர்மானம். பிலிப்பைன்ஸில் தேங்காய் நாரைக் கொண்டு குளிர்காப்புப் பெட்டி செய்கிறார்கள். பொள்ளாச்சியிலும் தஞ்சையிலும் நார் குவிந்து கிடக்கும் நம் மாநிலம் இதில் பின்தங்க வேண்டியதில்லை.

நம் இரண்டு கரைகளையும் இந்தப் பெட்டி எப்படிச் சேர்த்துவைக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மேற்குக் கரை மீன் இங்கே வரும். ஜூன், ஜூலையில் அங்கே தடை. இங்கிருந்து மீன் மலை தாண்டிப் போகும். கடல் ஓய்வெடுக்கும் அந்த வாரங்களிலும் சட்டியில் மீன் இருப்பது பெட்டி கட்டுகிறவர்களால்தான். அவர்களில் பலர் ஐஸில் மரத்துப்போன விரல்களோடு, விடியுமுன் வேலை தொடங்குகிறவர்கள். அவர்களுக்கு நல்ல கையுறை, முறையான பயிற்சி, திறமைக்கேற்ற கூலி ஆகியவை வேண்டும். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டி பொருத்திய சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உதவி உண்டு. அன்னக்கூடையில் தலைச்சுமையாக மீன் விற்கும் அக்காமார்கள் வரை அந்த உதவி போய்ச்சேர வேண்டும்.

நேயர்களே, உங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. மீன் வாங்கும்போது விலை கேட்பதற்கு முன் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். மீன் ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா, அல்லது மேலே பெயருக்கு நாலு துண்டு தூவியிருக்கிறதா என்று கவனியுங்கள். தாராளமாக ஐஸ் போட்டு விற்பவர் கிலோவுக்கு ஐந்தோ பத்தோ கூடக் கேட்டால் மனமுவந்து கொடுங்கள். ஐஸுக்கும் அடுக்கிய கைக்கும் சேர வேண்டிய நியாயமான பங்கு அதில் இருக்கிறது. அந்தப் பங்கை நாம் கொடுத்தால்தான் இந்தக் கலை நிலைக்கும், நம் மீனும் நன்றாயிருக்கும்.