கள்ளாமையும் கைத்தறியும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. அச்சொல்லைக் கேட்டவுடன், "நாம் யார் பொருளையும் திருடவில்லையே" என்று மனம் நிறைவு கொள்கின்றது. நம் ஆசாரியர்கள் அவ்வளவில் நிறுத்தவில்லை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இவ்விரதத்தின் வரம்பைக் கடக்கும் அதிசாரங்களாக ஐந்தைக் கூறுகின்றார். களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறுதல், அளவைகளில் ஏமாற்றுதல், போலியைக் கலந்து விற்றல் என்பன அவை. பூட்டை உடைப்பவனை மட்டுமன்றி, கடைத்தெருவில் நிற்கும் நம்மையும் நோக்கிக் கூறப்பட்டவை இவை.

நாம் வாழ்வதோ பட்டு நெய்யும் ஆரணியில். ஆகவே இவ்வைந்தையும் ஒரு பட்டுச்சேலையின் மேல் வைத்துப் பார்ப்போம்.

பட்டின் உண்மை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றது. நல்ல ஜரிகை என்பது பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. போலி ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும். அல்லது பொன்னிறம் பூசிய செயற்கை இழை இருக்கும். புதிதாய் இருக்கையில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். சில ஆண்டுகள் சென்றபின் கறுத்துப்போகும் கரைதான் உண்மையைச் சொல்லும். பட்டோடு செயற்கை நூலைக் கலப்பதும், விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பதும் இவ்வகையினவே. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. அதனை மீறுதல் மூன்றாம் அதிசாரம். போலியை விற்றல் ஐந்தாம் அதிசாரம்.

நெசவாளர் பலர் பட்டும் ஜரிகையும் சொந்தமாக வாங்குவதில்லை. உற்பத்தியாளர் எடைபோட்டுத் தருவார். நெய்த சேலையை எடைபோட்டுப் பெற்றுக் கூலி தருவார். இருமுறையும் தராசு நேராய் நிற்றல் வேண்டும். தவறினால் அது நான்காம் அதிசாரம்.

கூலியோ சேலைக் கணக்கில் தரப்படுவது. தறியில் அமர்பவர் ஒருவர், உழைப்பதோ குடும்பம். தார் சுற்றுதல், பாவை நீட்டிச் சீர்செய்தல், பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் முனைகளை இழை இழையாகப் பிணைத்தல் ஆகியவற்றைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரும் முதியோரும் செய்கின்றனர். இவ்வுழைப்புக்குத் தனிக் கூலி எழுதப்படுவது அரிது. நாம் விலையைக் குறைக்கும்போது பட்டின் விலை குறைவதில்லை. வெள்ளியின் விலை குறைவதில்லை. குறையக்கூடியது இக்குடும்பத்தின் கூலி ஒன்றே. அதுவும் குறையாவிடில், பொருளில் போலி நுழையும்.

இங்கேதான் முதல் இரண்டு அதிசாரங்கள் வாங்குவோராகிய நம்மிடம் வருகின்றன. அடக்க விலைக்கும் கீழே கேட்டு நெருக்குதல், போலிக்குத் தூண்டுதல் ஆகாதோ? இந்த விலைக்கு இது உண்மைப் பட்டாக இருக்க இயலாது என்று அறிந்தும், மலிவு கருதி வாங்கி, திருமண மன்றத்தில் அசல் என்று சொல்லிக்கொள்ளுதல் கள்ளப் பொருளைக் கொள்ளுதல் ஆகாதோ?

அறியாமல் ஏமாறுவோருக்கும் வழி உண்டு. 2004இல் தொடங்கப்பட்ட பட்டு முத்திரை, நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. ஜரிகையைப் பற்றியோ தறியைப் பற்றியோ அது பேசாது. கையால் நெய்ததற்குச் சான்று, 2006இல் வந்த கைத்தறி முத்திரை. இரண்டையும் கேளுங்கள். ஜரிகையின் தன்மையை ரசீதில் எழுதித் தருமாறு கேளுங்கள். அதன்பின் நேரிய விலையை மனமுவந்து கொடுங்கள். அது தானம் அன்று, கடன்.

பட்டுப்புழுவின் உயிரை எண்ணிப் பட்டையே துறந்தோர் நம்மிடையே உள்ளனர், அவர்களை வணங்குகின்றேன். வாங்குவோருக்கே இவ்வுரை. கூட்டினுள் வாழ்ந்த உயிர்களையும் இழந்து உருவான துணியில், உழைத்தவர் கூலியும் களவுபோதல் ஆகாது.

இளங்கோவடிகள் காட்டிய பொற்கொல்லன் தொழில் அறியாதவன் அல்லன், திறன் மிக்கவன். அவனிடம் இல்லாதது நேர்மை. அவன் சொல்லை ஆராயாமல் ஏற்ற பாண்டியன் திருடவில்லை. ஆயினும் தன் குற்றம் உணர்ந்து உயிர் நீத்தான். சிலம்பை உடைத்தபின்னரே உள்ளிருந்த பரல் உண்மை உரைத்தது. செய்வோனின் நேர்மையைப் போலவே கொள்வோனின் ஆராய்ச்சியும் அறமே என்பதை அக்காப்பியம் நமக்கு உணர்த்துகின்றது.

இனி நம் இல்லத் திருமணத்துக்குச் சேலை எடுக்கச் செல்லும் நாளில், "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்குமுன், "நெய்தவருக்கு எவ்வளவு சேரும்?" என்று ஒருமுறை கேட்போம். அவ்வினாவும் ஓர் அணுவிரதமே.

அறம் வளர்க! அருகன் நெறி வாழ்க!